கையொப்பமும் சம்மதமும்

சென்ற மாரியில் ஒரு நாள் மாலை அயலவர் ஒருவரைப் பார்க்கச் சென்றிருந்தோம். நாற்பது ஆண்டுகளாக எங்கள் ஊரிற் பாதி வீடுகளுக்குச் சுவரெழுப்பிய மேசன் அவர். நெடுநாளைய நீரிழிவினால் வலக்காற் பெருவிரலில் உண்டான புண் ஆறாது போகவே, அரசினர் ஆஸ்பத்திரியொன்றிற் சேர்க்கப்பட்டு, மூன்று வாரங்களின் பின் வீடு திரும்பியிருந்தார். பாதத்தின் முற்பாதி இல்லை. நாம் ஆறுதல் கூறத் தொடங்குமுன் அவரே கேட்டார்: “மாஸ்ரர், நான் என்னத்துக்கு ஒப்பம் வைச்சனான் எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுவியளோ?”

புண்ணைத் துப்புரவு செய்யப் போகிறார்கள் என்றே அவர் எண்ணியிருக்கிறார். இரவு நேரம், வார்ட்டில் ஒரே நெருக்கடி. ஒரு தாள் நீட்டப்பட்டது. மூக்குக்கண்ணாடி வீட்டிலே. “இதிலை வையுங்கோ ஐயா” என்று காட்டிய இடத்தில் ஒப்பமிட்டார். விடிந்தபின் துணி சுற்றியிருந்த காலைப் பார்த்தபோது அது குட்டையாக இருந்தது.

நாம் விசாரித்தோம். வைத்தியத்தில் எமக்கு அறிவில்லை. ஆயினும் அறிந்தவர்கள் கூறியதைக் கொண்டு பார்த்தால் அன்றிரவு செய்யப்பட்ட சிகிச்சை சரியானதே. அழுகல் மேலேறிக்கொண்டிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க நேர்ந்திருக்கும். உயிருக்கே கேடு வந்திருக்கவுங் கூடும். சத்திரசிகிச்சை செய்தவர் திறமைசாலி என்று எல்லோரும் ஒருமுகமாகச் சொன்னார்கள். இதையெல்லாம் அவரிடம் எடுத்துக் கூறினோம். அவர் மறுக்கவில்லை. “அது சரி மாஸ்ரர், டொக்குத்தர் செய்தது சரியாத்தான் இருக்கும். எண்டாலும் கால் என்ரை கால் அல்லோ?”

இக் கேள்விக்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. அவர் வழக்குப் பேசவில்லை, நட்டஈடு கேட்கவில்லை. வைத்தியர் பிழை செய்தார் என்றுகூடச் சொல்லவில்லை. எனினும் தமக்கு ஓர் அநியாயம் நேர்ந்துவிட்டது என்பதை அவர் உணர்ந்திருந்தார். சரியான சிகிச்சையில் அநியாயம் இருக்க முடியுமா? இருக்க முடியுமென்றால் அதன் பெயர் என்ன? வைத்தியர்களின் தவறுகள் பற்றியும், அவற்றுக்கான சட்டச் சீர்திருத்தங்கள் பற்றியும் பல நாடுகளிற் பல ஆண்டுகளாக நடைபெறும் விவாதங்களைப் படிக்கும்போதெல்லாம் இந்த மேசனாரின் கேள்வியே எம் முன் வந்து நிற்கின்றது.

சட்டம் இக் கேள்வியை எவ்வாறு கேட்கப் பழகிக்கொண்டது என்பதை முதலிற் பார்ப்போம். 1954 இல் இலண்டனிலுள்ள ஃபிரையேன் மனநோய் ஆஸ்பத்திரியில் போலம் என்பவருக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை அளிக்கப்பட்டது. தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுக்கப்படவில்லை. வலிப்பின் வேகத்தில் இடுப்பெலும்புப் பொருத்துகள் இரண்டும் முறிந்தன. இத்தகைய ஆபத்து உண்டென்று முன்கூட்டி அவருக்குச் சொல்லப்படவுமில்லை. 1957 இல் வழக்கை விசாரித்த நீதிபதி மக்நெயர் யூரர்களுக்குக் கூறிய விதி பின்னர் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றிய நாடுகள் பலவற்றில் வேரூன்றியது. பொறுப்புள்ள வைத்தியர்களில் ஒரு சாரார் சரியென ஏற்றுக்கொள்ளும் முறைப்படி ஒருவர் நடந்திருந்தால், வேறு சாரார் மாறாகக் கருதினாலும், அவர் கவனயீனக் குற்றத்துக்கு ஆளாகார் என்பது அவ்விதி. போலம் தோற்றார்.

சிகிச்சை முறை பற்றிய அளவில் இவ்விதியிற் பெரிய பிழை இல்லை. எந்த மருந்து, எந்தக் கத்தி என்பதை வைத்தியரை வைத்துத்தானே அளக்க வேண்டும்? ஆனால் நோயாளிக்கு எதைச் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கும் இதே கோல் பயன்படுத்தப்பட்டது. 1985 இல், முதுகெலும்புச் சத்திரசிகிச்சையால் ஊனமடைந்த ஒரு பெண்ணின் வழக்கிற் பிரித்தானியப் பிரபுக்கள் சபை நீதிபதிகளிற் பெரும்பான்மையோர் இதனையே பெரும்பாலும் உறுதி செய்தனர். ஸ்கார்மன் பிரபு ஒருவரே, தன் உடலுக்கு என்ன செய்யப்படவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை நோயாளிக்கு உரிய அடிப்படை மனித உரிமை என வாதிட்டு வேறு வழியிற் சென்றார். கோயிலில் என்ன சொல்ல வேண்டுமென்பதைக் குருக்கள்மார் சபை தீர்மானிப்பதுபோல, நோயாளியின் காதில் எது விழ வேண்டுமென்பதை வைத்தியர் குழாம் தீர்மானித்துக்கொண்டது.

நமது நாட்டின் நிலை யாது? இங்கே இத்தகைய வழக்குகளை ஆளுவது உரோமன் டச்சுச் சட்டம். 1992 இல் மூளையில் ஏற்பட்ட கட்டியால் ஒரு சிறுமி இறந்தாள். நோயை உரிய காலத்திற் கண்டறியவில்லை என்று, பெயர்பெற்ற குழந்தை வைத்தியப் பேராசிரியர் ஒருவர் மீது தந்தை வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு வழங்கியது. வழக்கு மேலே மேலே சென்று, 2001 இல் உயர் நீதிமன்றத்தில் முடிவுற்றது. மரணத்துக்கு வைத்தியரின் செயலே காரணமென்று நிறுவப்படவில்லை எனக் கூறி அந்நீதிமன்றம் நட்டஈட்டை நீக்கிவிட்டது. அன்றியும், பிள்ளையை இழந்த பெற்றோரின் துயரத்துக்கு விலைகூறும் வழி அச்சட்டத்தில் இல்லை. பணமாக அளக்கத்தக்க நட்டமே அதன் கணக்கில் வரும். தீர்ப்பின் சட்ட நுணுக்கம் பற்றி நாம் எதுவும் கூற வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தந்தை தாமே ஒரு சட்டத்தரணி. பிள்ளை இறந்து ஒன்பது ஆண்டுகளின் பின், வெறுங்கையுடன் நீதிமன்றத்தின் படியிறங்கினார். மஸ்கெலியாவிற் கொழுந்து கிள்ளும் ஒருத்தி அதே படியில் ஏறுவாளா?

வழக்குகள் மலிந்த நாடென்று பெயர்பெற்ற அமெரிக்காவிலும் ஏழை ஏறுவதில்லை. நியூயோர்க் மாநிலத்தில் 1984 இல் ஆஸ்பத்திரிகளில் இருந்தவர்களில் 30,000 க்கு மேற்பட்டோரின் பதிவேடுகளை ஹாவாட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆராய்ந்து 1991 இல் முடிவுகளை வெளியிட்டனர். கவனயீனத்தாற் பாதிக்கப்பட்ட நூறு பேரில் இருவர்கூட வழக்குத் தொடுக்கவில்லை என்பது அவர்கள் கண்ட உண்மை. அதே வேளையில், தொடுக்கப்பட்ட வழக்குகளிற் பலவற்றிற் கவனயீனம் இருக்கவுமில்லை. குறி தவறாத இடத்தில் அடியும், அடிக்க வேண்டிய இடத்தில் அமைதியும்! இத்தகைய ஒழுங்கீனத்தைச் சீர்திருத்துகிறோம் என்று கூறிக் கலிபோர்னியா 1975 இல் ஒரு சட்டம் இயற்றியது. வலிக்கும் வேதனைக்குமான நட்டஈடு 250,000 டொலரை மிஞ்சக்கூடாது என்பது அதன் சாரம். 2022 வரை, விலைவாசி எத்தனை மடங்கு ஏறியபோதும், அத்தொகை அசையவில்லை. இழந்த சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது. வேதனைக்கு மட்டும் உண்டு. ஆகவே சம்பளக்காரர் முழு நட்டத்தையும் பெறுவார். குழந்தையும் கிழவியும் குடும்பப் பெண்ணும், உழைப்பில்லாதோர் என்ற காரணத்தால், அந்த வரம்புக்குள் ஒடுங்க வேண்டியதுதான். ‘சீர்திருத்தம்’ என்ற சொல்லை யார் உச்சரிக்கிறார்கள் என்று பார்த்தே அதற்குப் பொருள் கொள்ள வேண்டும்.

நிற்க. வழக்காடாமலே நட்டஈடு வழங்க இயலாதா? இயலும் என்று காட்டிய நாடு நியூசீலாந்து. அந்த நாட்டின் அனுபவம் நம் போன்றோர் ஆறுதலாக இருந்து படிக்கத்தக்கது. ஏனெனில், நாம் விரும்பும் தீர்வை அந்நாடு நடைமுறைப்படுத்திவிட்டது. அத்தீர்வு எங்கே போதாமற் போகிறது என்பதையும் அந்நாடே காட்டிவிட்டது.

1967 இல் நீதிபதி ஓவன் வுட்ஹவுஸ் தலைமையிலான ஆணைக்குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. விபத்து என்பது தனிமனிதரின் துரதிர்ஷ்டம் அன்று. ஒரு சமுதாயம் இயங்குவதற்காக அது கொடுக்கும் விலை. ஆதலின் அதன் பாரத்தைச் சமுதாயமே தாங்க வேண்டும். யார் குற்றவாளி என்ற ஆராய்ச்சி இன்றியே பாதிக்கப்பட்டவருக்கு உதவி கிடைக்க வேண்டும். இதுவே அவ்வறிக்கையின் அடிப்படை. 1972 இற் சட்டமாகி, 1974 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. இயலாமற் போனவருக்கு அவர் உழைப்பில் 80 வீதம் வாரந்தோறும் கிடைக்கும். மாற்றாக, நட்டஈடு கோரி வழக்குத் தொடுக்கும் உரிமை நீக்கப்பட்டது. வைத்தியத்தால் நேர்ந்த தீங்கும் இத்திட்டத்துள் அடங்கியது. நெடுங்காலம் ‘தவறு’, ‘விபரீதம்’ என்றெல்லாம் நிபந்தனைகள் இருந்தன. 2005 இல் அவையும் களையப்பட்டு, சிகிச்சையால் நேர்ந்த தீங்கு என்று கண்டாற் போதும் என்றாயிற்று. குறைகள் உண்டு. விபத்தால் முடமானவருக்குக் கிடைப்பது நோயால் முடமானவருக்குக் கிடையாது. இரண்டும் ஒரே கட்டிலில் ஒரே வேதனைதான். என்றாலும், அப்புக்காத்துமாருக்குக் காசு கொடுக்க முடியாதவனும் நட்டஈடு பெறக்கூடிய ஓர் அமைப்பு உலகில் இருக்கிறதென்றால் அதை மெச்சாமல் இருக்க முடியாது.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்நாட்டின் ஓக்லாந்து நகரில், தேசிய மகளிர் ஆஸ்பத்திரியில், வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது.

கருப்பைக் கழுத்தில் உண்டாகும் ஒருவகை மாற்றம், கவனியாது விட்டாற் பரவும் புற்றுநோயாக வளரும் என்பது பெரும்பாலான வைத்தியர்களின் கருத்து. அங்கு பணியாற்றிய இணைப் பேராசிரியர் ஹேபட் கிறீன் இதை ஏற்கவில்லை. அம்மாற்றமுள்ள பெண்களுக்கு வழமையான சிகிச்சை செய்யாது, கவனித்துக்கொண்டு மட்டும் இருந்து தம் கருத்தை நிரூபிக்க விரும்பினார். 1966 யூன் 20 இல் ஆஸ்பத்திரியின் மூத்த வைத்தியர்கள் கூடி இதற்கு இணங்கினர். பெண்களை எவரும் கேட்கவில்லை. தாம் ஓர் ஆராய்ச்சியில் இருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. கிளினிக்குக்கு வா என்றார்கள், வந்தார்கள். அடுத்த மாதமும் வா என்றார்கள். பிள்ளைகளை அயலில் விட்டுவிட்டு, பஸ் ஏறி, ஆண்டுக்கணக்காக வந்தார்கள். தங்களை மிகவும் அக்கறையாகப் பார்க்கிறார்கள் என்று நன்றி பாராட்டியவர்களும் அவர்களுள் இருந்திருப்பர்.

கிறீன் கொடியவர் என்று நாம் எழுதவில்லை. தேவையின்றிப் பெண்களின் கருப்பையை அகற்றுகிறார்கள் என்ற கவலை அவருக்கு இருந்தது, அக்கவலை நியாயமற்றதுமன்று. நல்லெண்ணமுள்ள, கல்விமானான ஒரு மனிதர், தம் முடிவிற் கொண்ட உறுதியினால், மற்றவருடைய உடலைத் தம் வாதத்துக்குச் சான்றாக்கினார். நாம் அஞ்ச வேண்டிய இடம் இதுதான். கொடியவனை இனங்காணலாம், நல்லவரிடமிருந்து எவ்வாறு தற்காத்துக்கொள்வது?

அதே ஆஸ்பத்திரியின் வைத்தியர்களான மக்இன்டோவும் மக்லீனும் உள்ளேயிருந்து எச்சரித்தனர். அவர்கள் சொல் அம்பலம் ஏறவில்லை. 1984 இல் அவர்களும் வேறிருவரும் சேர்ந்து ஒரு விஞ்ஞான சஞ்சிகையிற் கணக்கை வெளியிட்டனர். நோயின் அறிகுறி நீங்கிய 817 பெண்களில் 12 பேருக்கே பிற்காலத்திற் பரவும் புற்றுநோய் உண்டானது. அறிகுறி நீங்காமலே விடப்பட்ட 131 பேரில் 29 பேருக்கு உண்டானது. அதாவது நூற்றுக்கு 22. அக்கணக்கு வெளிவந்த பின்னரும் மூன்று ஆண்டுகள் எவரும் அசையவில்லை. 1987 யூனில் சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இரு பெண்கள் ‘மெட்ரோ’ என்ற சஞ்சிகையில் எழுதிய கட்டுரையே நாட்டை எழுப்பியது. மாத இதழில் எழுதி என்ன பயன் என்று கேட்கும் நண்பர்களுக்காக இதனைக் குறித்து வைக்கிறோம்.

நீதிபதி சில்வியா காட்றைட் விசாரணை நடத்தி 1988 ஓகஸ்டில் அறிக்கை அளித்தார். ஆராய்ச்சி மட்டுமன்றி வேறு பலவும் வெளியாயின. மயக்க மருந்தில் இருந்த பெண்களின் உடலில், அவர்களைக் கேளாமலே, மாணவர்கள் உட்பரிசோதனை செய்து பழகியிருந்தனர். பிறந்த பெண் குழந்தைகளிடமிருந்து தாய்மாருக்குத் தெரியாமல் மாதிரிகள் எடுக்கப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றால் எவருக்கும் உடலில் தீங்கு நேரவில்லை. நட்டஈட்டுச் சட்டத்தின் கண்ணுக்கு இவை தெரியவே தெரியா. உலகிலேயே மிகச் சிறந்த நட்டஈட்டு ஏற்பாடு நடைமுறையில் இருந்த நாட்டில், அது நடைமுறையில் இருந்த காலத்திலேயே, இவை நடந்தன. தீங்கின் பாரத்தை யார் சுமப்பது என்ற கேள்விக்கு அந்நாடு விடை கண்டிருந்தது. யார் தீர்மானிப்பது என்ற கேள்வி கேட்கப்படாமலே கிடந்தது. வழக்கு மன்றத்தின் கதவும் அடைபட்டிருந்ததனால், உண்மை வெளிவர இருந்த வழிகளில் ஒன்று குறைந்தும் போயிருந்தது என்று நாம் கருதுகிறோம்.

அவ்வறிக்கையின் விளைவாக 1994 இல் ஒரு சட்டமும், 1996 இல் நோயாளர் உரிமைக் கோவையும் பிறந்தன. அக்கோவையில் பத்து உரிமைகள் உள. அவற்றுள் ஐந்தாவது எமது உள்ளத்தைத் தொட்டது. நோயாளி விளங்கிக்கொள்ளும் வடிவில், விளங்கும் மொழியில், விளங்கும் முறையிற் பேசப்பட வேண்டும். தேவையும் வசதியும் உள்ள இடத்தில் தகுதியான மொழிபெயர்ப்பாளரை அமர்த்த வேண்டும் என்கிறது அது. 1987 முதல் தமிழும் அரச மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்ட நாட்டில், சிங்களமோ ஆங்கிலமோ அறியாத ஒருத்தி தனக்கு வந்த நோயின் பெயரை வார்ட்டில் கூட்டித் துப்புரவு செய்யும் பெண்ணிடம் கேட்டு அறிந்துகொள்வதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். மொழியுரிமை என்றால் மேடையும் பெயர்ப்பலகையும் என்று மட்டும் எண்ணிவிட்டோமோ?

ஆங்கிலச் சட்டமும் பிந்தியாவது திரும்பியது. ஸ்கொத்லாந்தில் 1999 இல், நீரிழிவு நோயும் சிறிய உடலுமுள்ள ஒரு தாய், குழந்தை பெரிதாயிருக்கிறதே என்று கவலை தெரிவித்தார். இத்தகைய தாய்மாருக்குப் பிரசவத்தின்போது குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் நூற்றுக்கு ஒன்பது பத்து. வைத்தியர் இதனைக் கூறவில்லை. கூறினால் எல்லாப் பெண்களும் வயிற்றைக் கீறி எடுக்கும்படி கேட்பார்கள். அது தாய்மாருக்கு நல்லதன்று என்பது அவர் காரணம். தோள் சிக்கியது, குழந்தை மூளைப் பாதிப்புடன் பிறந்தது. 2015 மார்ச்சில் பிரித்தானிய உயர் நீதிமன்றம் மொண்ட்கொமெரி வழக்கில் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. ஓர் ஆபத்தைச் சொல்லுவதா என்பதை வைத்தியர்களின் வழக்கத்தைக் கொண்டு அளத்தல் ஆகாது. அந்த நோயாளியின் நிலையிலுள்ள ஒருவர் அதனைப் பொருட்படுத்துவாரா என்பதே கேள்வி என்றது. நோயாளி விளங்கிக்கொள்ள முடியாத சொற்களை அவர்மீது கொட்டிவிடுவதாலோ, வழக்கமாக ஒரு தாளிற் கையொப்பம் வாங்கிக்கொள்வதாலோ வைத்தியரின் கடமை தீர்ந்துவிடாது என்றும் தெளிவாகக் கூறியது. எங்கள் மேசனாரின் கேள்விக்கு ஒரு நீதிமன்றம் விடைசொல்லக் கண்டது எமக்கு மகிழ்ச்சியே.

ஆனால் அத்தீர்ப்பிலே ஒரு சொல் முள்ளாகக் குத்துகிறது. நோயாளர்கள் இன்று தெரிவு செய்யும் நுகர்வோராகவும் கருதப்படுகின்றனர் என்கிறார்கள் நீதிபதிகள். இடதுசாரி நண்பர்கள் இவ்விடத்தில் எம்மை மறிப்பர். “தனிமனிதத் தெரிவு என்பது முதலாளித்துவத்தின் பழைய பாட்டு. காசுள்ளவனுக்குத் தெரிவு, இல்லாதவனுக்குத் தாள்” என்பர். இக் கூற்றை நாம் இலேசாகத் தள்ளிவிடவில்லை. தெரிவின் தாயகமெனப்படும் அமெரிக்காவில் நடந்ததொன்றைப் பாருங்கள். மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு வைத்தியர் ஒரு மருந்தை எழுதினார். காப்புறுதிக் கம்பனி அதற்குக் காசு தர மறுத்து, முதலில் மலிவான மருந்தைப் பாவிக்கச் சொன்னது. பாவித்தார்; இரைப்பையிற் புண்ணாகி இரத்தம் பெருகி ஆஸ்பத்திரியில் விழுந்தார். 2004 யூனில் ஏட்னா எதிர் டவிலா வழக்கில் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் ஏகமனதாகக் கூறியது யாதெனில், தொழிலாளர் நலத்திட்டம் ஒன்றன் கீழ் உள்ள காப்புறுதியாதலின், மாநிலச் சட்டப்படி கம்பனிமீது நட்டஈட்டு வழக்குத் தொடுக்க இயலாது என்பதே. தீர்மானித்தவர் நோயாளி அல்லர், வைத்தியரும் அல்லர். மேசையில் இருந்த எழுதுவினைஞர். அவருக்குப் பொறுப்பும் இல்லை. (வைத்தியர் முதலில் எழுதிய வயொக்ஸ் என்ற அம்மருந்தை, மாரடைப்பை உண்டாக்குகிறதென்று அதே ஆண்டு செப்டெம்பரில் உற்பத்திக் கம்பனியே சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டது. வைத்தியர் அறிவும் கம்பனி சொல்லிக்கொடுத்த அறிவாக இருக்கலாம் என்பதையும் மறத்தலாகாது.)

ஆகவே சமுதாயமே தீர்மானிக்கட்டும் என்பது நண்பர்களின் முடிவு. எதைத் தீர்மானிப்பது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது எமது பணிவான கருத்து.

நாட்டுக்கு எந்த மருந்து வேண்டும், எந்த விலைக்கு வேண்டும், எந்த ஊரில் ஆஸ்பத்திரி வேண்டும் என்பன சமுதாயத்தின் தீர்மானங்களே. பேராசிரியர் சேனக பிபிலே இதனை நமக்குக் கற்பித்தார். அவரும், வைத்தியரும் கம்யூனிஸ்ட் தலைவருமாகிய எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அளித்த அறிக்கையின் வழியே 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. வெவ்வேறு வியாபாரப் பெயர்களில் வந்து குவிந்த ஆயிரக்கணக்கான மருந்துகள் சில நூறாகக் குறைக்கப்பட்டன. அப்போது எழுந்த எதிர்ப்பை நினைவுகூர வேண்டும். விரும்பிய மருந்தை எழுதும் தமது சுதந்திரம் பறிபோகிறது என்று வைத்தியர்களில் ஒரு பகுதியினர் கூக்குரலிட்டனர். அச்சுதந்திரத்தால் நோயாளிக்கு ஒரு சதமும் மிச்சப்பட்டதில்லை. பொதுத் தீர்மானமும் மக்கள் கண்முன் நடைபெறாவிட்டால் எங்கே போய் முடியும் என்பதையும் நாம் கண்டோம்: 2023 இல் போலி இம்யூனோகுளோபுலின் மருந்து அரச ஆஸ்பத்திரிகளுக்குள் வந்தது அம்பலமாகி, சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரியிற் கைதானார்.

ஆனால் ஒரு குறித்த உடலிற் கத்தி வைப்பதா என்பது இவ்வகைத் தீர்மானம் அன்று. இதை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு மலையகமே சாட்சி. 1980 களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டோருக்கு அரசு பணம் வழங்கியது. தொகை 500 ரூபா வரை உயர்ந்தது. தோட்டக் கூலிக்கு அது பல நாட் கொழுந்து. நாட்டின் ஏனைய பகுதிகளைவிடத் தோட்டப் பகுதியிலேயே இச்சிகிச்சை பெற்ற பெண்களின் வீதம் உயர்ந்திருந்தது. அவர்கள் ஒவ்வொருவருடைய கையொப்பமும், அல்லது கைநாட்டும், எங்கோ ஒரு கோப்பில் இருக்கும். குடித்தொகையைக் குறைப்பது நாட்டுக்கு நல்லது என்று சமுதாயத்தின் பெயராற் சொல்லப்பட்டது. லயத்துக்குள் பஞ்சம் புகுந்திருந்த வேளையில் நீட்டப்பட்ட பணத்துக்கு இட்ட கைநாட்டைச் சம்மதம் என்று எந்த நெஞ்சுகொண்டு சொல்வது? அங்கே தெரிவும் இருந்தது, தாளும் இருந்தது, வைத்தியரும் இருந்தார்.

இவற்றை எல்லாம் கூறும்போது, எமக்கு அறிமுகமான ஓர் இளம் வைத்தியர் சிரித்தார். “கிளினிக்கில் நூற்றைம்பது பேர். ஒருவருக்கு மூன்று நிமிடம். இந்த மூன்று நிமிடத்தில் எதைச் சொல்ல, எதைக் கேட்க?” என்றார். அவர் சோம்பேறி அல்லர்; பகலுணவைப் பிற்பகல் நான்கு மணிக்கு உண்பவர். அவர் கூறியதை மறுக்க முடியாது. அன்றியும், 2022 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அவருடைய சகபாடிகள் எத்தனையோ பேர் கப்பலேறிவிட்டனர். சம்மதத்துக்கு நேரம் வேண்டும். நேரத்துக்கு ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். ஆகவே நோயாளியின் உரிமையைப் பேசுகின்றவர் வைத்தியரின் வேலைநிலைமையையும் பேசியேயாக வேண்டும். இலவச வைத்தியம் என்பதற்காக நோயாளி வாய்பொத்தி நிற்க வேண்டும் என்ற எண்ணத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். அது தானம் அன்று. அரிசியிலும் மண்ணெண்ணெயிலும் வரி கொடுத்து அந்த மேசனார் நாற்பது ஆண்டுகளாக முன்பணம் கட்டிய வைத்தியம்.

பாமரனுக்கு என்ன தெரியும் என்ற வாதமொன்று எஞ்சியிருக்கிறது. திருவள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தின் இறுதியில் வைத்தியத்துக்கு நான்கு அங்கங்கள் வகுக்கும்போது நோயுற்றவனையே முதலில் வைக்கிறார். வைத்தியன் அவனுக்குப் பின்னரே வருகிறான். செய்யுள் அமைதிக்காக அவ்வாறு வைத்தார் என்று சொல்வோர் சொல்லட்டும். பாதம் இல்லாமற் சாரத்தில் ஏற முடியாது என்பதையும், மகளின் கலியாணத்துக்கு இன்னும் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதையும், உயிரா காலா என்று கேட்டால் எதைச் சொல்லியிருப்பார் என்பதையும் மேசனார் அறிவார், வைத்தியர் அறியார். “கேட்டிருந்தா வெட்டச் சொல்லித்தான் சொல்லியிருப்பன்” என்று அவரே எம்மிடம் கூறினார். கேட்டிருந்தால் எடுத்திருக்கக்கூடிய நேரம் ஐந்து நிமிடம்.

சென்ற மாதம் இடது காலிலும் ஒரு கொப்புளம். கிளினிக்குக்குப் போகுமுன் எம்மிடம் வந்தார். ஒரு கொப்பித்தாளில் மூன்று கேள்விகளை அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தோம். எழுத்துப் பெரிதாக இருக்கவேண்டும் என்றார். முதலாவது, இது எவ்வளவு தூரம் போய்விட்டது? இரண்டாவது, வெட்டாமற் பார்த்தால் எத்தனை நாட் பார்க்கலாம்? இரண்டுக்கும் வைத்தியர் விடை சொன்னாராம். இருக்கச் சொல்லிப் படமும் கீறிக் காட்டினாராம். மூன்றாவதைக் கேட்கவில்லை என்றார். ஏனென்று வினவினோம். “பின்னாலை நிறையச் சனம் நிண்டது மாஸ்ரர்.”